இரைகிற கொம்பியூட்டரும் யாழ்ப்பாணத்து வெக்கையும்

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஐ7-12700எஃப் புரொசஸர், பெட்டிக்குள் அதோடேயே வந்த சின்னக் கூலர், ஆர்டிஎக்ஸ் 3060 விஜிஏ (படம் காட்டுகிற கார்ட்), முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேசிங், முன்னுக்கு இரண்டும் பின்னுக்கு ஒன்றுமாக மூன்று ஃபான். இரவில் கலியாண வீட்டு வீடியோவை ரெண்டர் போட்டால், அதாவது எடிற் செய்ததை முழு வீடியோவாக ஆக்க விட்டால், அது இரைகிற இரைச்சலில் அதே அறையில் ஏ.எல். படிக்கிற தங்கச்சிக்குப் படிக்க ஏலாமல் இருக்கிறதாம். அம்மா வந்து "என்ன, இங்க மில் ஓடுதோ?" என்று கேட்கிறாவாம். ஃபானை 50 சதவீதத்துக்கு இறக்கினால் சத்தம் அடங்குகிறது, ஆனால் புரொசஸர் சூடு 97 பாகையைத் தொட்டு ரெண்டர் இழுபடத் தொடங்குகிறது. நல்ல ஃபான் வாங்குவதா, தண்ணீர்க் கூலர் வாங்குவதா, இல்லை யன்னல் பக்கம் தூக்கி வைப்பதா என்பது கேள்வி.

இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். நானும் பகலில் ரிப்பேர், இரவில் எடிற்றிங் என்று கன வருடமாக இந்தப் பெட்டிகளோடு மாரடிக்கிறவன்தான். சத்தம் என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரு சதமும் செலவழிக்காமல் அடங்கிப் போயின. சத்தம் போடுவது ஃபான்தான், ஆனால் பிழை அதில் இல்லை. அது பாவம், ஓடு என்றால் ஓடுகிறது. ஓடச் சொல்கிறது யார், ஏன் அவ்வளவு வேகமாக ஓடச் சொல்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

பயோஸுக்குள், அதாவது மதர்போர்ட்டின் அடிப்படை அமைப்புத் திரைக்குள், போனால் ஒவ்வொரு ஃபானுக்கும் ஒரு கோடு கீறியிருக்கும், இத்தனை பாகை சூடு என்றால் இத்தனை சதவீத வேகம் என்று. அந்தக் கோட்டைக் கீறினவர்கள் மனதில் வைத்திருந்தது 20, 25 பாகை அறை. நம்முடைய அறை அப்படியா? சித்திரை வைகாசியில், சீற் கூரைக்குக் கீழே, நுளம்புக்குப் பயந்து யன்னலையும் சாத்திவிட்டால் இரவு பத்து மணிக்கும் 32 பாகையில் அசையாமல் நிற்கும். எவ்வளவு பெரிய ஃபான் போட்டாலும் அறைக் காற்றை விடக் குளிராகப் புரொசஸரை ஆக்க ஏலாது. அறையை விட எத்தனை பாகை மேலே நிற்கிறது என்பதில்தான் கூலரின் கெட்டித்தனம் இருக்கிறது. குளிர் நாட்டில் சும்மா நிற்கும்போது 36 காட்டுகிற அதே பெட்டி இங்கே 47, 48 காட்டும். பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை. கோட்டுக்கு அது தெரியாதே. கொஞ்சம் அசைந்ததும் 50 வந்துவிட்டது, ஏதோ பெரிய வேலை தொடங்கிவிட்டது என்று நினைத்து, நீங்கள் சும்மா ஒரு கடிதம் தட்டிக்கொண்டிருக்கும்போதே ஃபானைக் கிளப்பிவிடும். அதனால் முதல் வேலையாக அந்தக் கோட்டை முழுசாக ஒரு பத்துப் பாகை தள்ளி வையுங்கள். 50இல் ஏறத் தொடங்கினது 60இல் தொடங்கட்டும். 60 வரைக்கும் ஒரே மெதுவான வேகம், அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஏற்றம், 90க்கு மேல் போனால் மட்டும் முழு வேகம்.

90 என்றதும் நெஞ்சு பக்கென்கிறதோ? உங்கள் புரொசஸருக்கு இன்ரெல் வைத்திருக்கிற எல்லை 100 பாகை. அதைத் தொட்டால் எரிந்து போகாது, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்தது 97 என்றாலும் இடையிடையே அந்த எல்லையைத் தொட்டிருக்கும், ரெண்டர் இழுபட்டதும் அதனால்தான். எல்லையில் போய் முட்டிக்கொண்டு நிற்பது நல்லதில்லை, ஆனால் யாழ்ப்பாணத்து இரவில் ஒரு மணி நேர ரெண்டரில் 80, 85 பாகை என்பது கவலைப்படுகிற விஷயமே இல்லை. 60க்குள் வைத்திருக்க வேண்டும் என்று வீடியோ போடுகிறவர் குளிரூட்டி போட்ட அறைக்குள் இருந்து கதைக்கிறார். அவருடைய 60 உங்களுடைய 70. நான் புரொசஸரின் நடுச் சூட்டை விடக் கேசிங்குக்குள் தேங்கி நிற்கிற காற்றைத்தான் கூடக் கவனிப்பேன். மதர்போர்ட்டிலும் பவர் சப்ளையிலும் இருக்கிற எலெக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றர்களுக்கு (மின்னைத் தேக்கி வைக்கிற சின்ன உருளைகள்) ஒரு பழைய கணக்கு உண்டு: பத்துப் பாகை சூடு கூடினால் ஆயுள் பாதி. புரொசஸர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும், கப்பாசிற்றருக்கு அந்த வித்தை தெரியாது.

சத்தத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அது தெரிந்தால் எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்று தெரியும். ஃபான் தள்ளுகிற காற்று வேகத்தோடு நேராக ஏறும், பாதி வேகம் என்றால் பாதிக் காற்று. சத்தம் அப்படி இல்லை. பாதி வேகத்துக்கு இறக்கினால் கிட்டத்தட்ட 15 டெசிபல் குறையும், 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும். காற்றுப் பாதியானால் சூடு இரட்டியாகுமா என்றால் அதுவும் இல்லை. என்னுடைய மேசையில் இருக்கிற உயரமான ரவர் கூலரில் ஃபானை நிமிடத்துக்கு 1600 சுற்றில் இருந்து 1000க்கு இறக்கிப் பார்த்தேன். ஏறினது 5 பாகை. சத்தம் கணக்குப்படி 10 டெசிபல் குறைய வேண்டும், காதுக்கோ பெட்டி ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டி வந்தது. கடைசி முப்பது சதவீத வேகம் என்பது இரைச்சலை அள்ளிக் கொட்டி இரண்டு மூன்று பாகை வாங்குகிற வியாபாரம். உங்கள் சின்னக் கூலரில் இந்தச் சலுகை குறைவு, அதன் தகடுகள் சிறிது, ஃபானும் சிறிது. அதனால்தான் 50 சதவீதத்துக்கு இறக்கினதும் பிடி விட்டுவிட்டது.

இனித்தான் முக்கியமான விஷயம். சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று எல்லோரும் ஃபானில் கை வைக்கிறார்கள், வாற்றில், அதாவது புரொசஸர் இழுக்கிற மின்னில், கை வைக்கிறவர்கள் குறைவு. 12700எஃப் பெட்டியில் 65 வாற் என்று போட்டிருக்கும், ஆனால் முழு மூச்சில் போக 180 வாற் வரைக்கும் அனுமதி இருக்கிறது. கன மதர்போர்ட்கள் அந்தக் கயிற்றையும் நன்றாகத் தளர்த்திவிட்டுத்தான் கடைக்கு வருகின்றன, ஏனென்றால் சோதித்துப் பார்க்கிறவர்கள் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள், தங்கச்சியைப் பார்ப்பதில்லை. உங்களுடைய பெட்டி ரெண்டரில் 140 வாற் இழுக்கிறது என்று வைப்போம். எச்டபிள்யூஇன்ஃபோ என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது, சரியான எண்ணை அதில் நீங்களே பார்க்கலாம். அறை 32, புரொசஸர் 97. அப்படியென்றால் 140 வாற்றுக்கு 65 பாகை ஏற்றம், ஒரு வாற்றுக்கு அரைப் பாகைக்குக் கொஞ்சம் குறைவு. அதே ஃபான் வேகத்தில், அதாவது சத்தம் இல்லாத அந்த 50 சதவீதத்தில், வாற்றை மட்டும் 95க்கு இறக்கினால் ஏற்றம் 44 பாகையாகும். 32ஐக் கூட்டினால் 76. பார்த்தீர்களா, ஒரு ஃபானும் வாங்காமல் 21 பாகை.

வேகம் போகாதா என்று கேட்பீர்கள். போகும்தான், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. கடைசிக் கொஞ்ச வேகத்துக்காகத்தான் புரொசஸர் அந்த வாற்றை எல்லாம் விழுங்குகிறது, வோல்ற்றேஜையும் சேர்த்து ஏற்ற வேண்டியிருப்பதால். ஒரு மணி நேரம் எடுத்த ரெண்டர் ஒரு மணி பத்து நிமிடம் போல எடுக்கும். இப்போது 97இல் முட்டி முட்டி இழுபடுகிறதே, அதோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசமும் குறையும். பயோஸில் லோங் டியூரேஷன் பவர் லிமிற், ஷோர்ட் டியூரேஷன் பவர் லிமிற் என்று இரண்டு இடம் இருக்கும், இரண்டிலும் 95 போடுங்கள். பெயர் போர்ட்டுக்குப் போர்ட் கொஞ்சம் மாறும், சில போர்ட்களில் கூலரைத் தெரிவு செய் என்று கேட்கும், அங்கே பெட்டிக் கூலரைத் தெரிவு செய்தால் எல்லையை அதுவே இறக்கிவிடும். பயோஸுக்குள் போகப் பயம் என்றால், அல்லது இது லப்டொப்பாக இருந்திருந்தால், விண்டோஸின் பவர் ஒப்ஷனுக்குள் போய் மக்சிமம் புரொசஸர் ஸ்ரேற் என்ற இடத்தில் 100ஐ 99 ஆக்கினால் போதும், டேர்போ என்கிற மேலதிக வேகம் முழுசாக நின்றுவிடும். அது கோடாலியால் நகம் வெட்டுகிற வேலை, என்றாலும் தங்கச்சிக்குச் சோதனை நாளைக்கு என்றால் இன்றைக்கு இரவே செய்யலாம். இன்னொன்றும் பாருங்கள்: உங்கள் எடிற்றிங் மென்பொருளில் எக்ஸ்போர்ட் செய்யும்போது விஜிஏக்குள் இருக்கிற என்கோடரைப் பாவிக்கச் சொல்லி ஒரு தெரிவு இருக்கும். அது போடாமல் இருந்தால் முழுப் பாரத்தையும் புரொசஸர்தான் சுமக்கிறது.

விஜிஏக்கும் இதே கதைதான். 3060க்கு 170 வாற், எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிற்றை 80 சதவீதத்துக்கு இழுத்துவிட்டால் 136. சில சதவீத வேகம் போகும், கேமில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விஜிஏயில் நம்முடைய ஊருக்கே உரிய ஒரு வில்லங்கம் இருக்கிறது. இந்தக் கார்ட்களில் பலது சூடு 50, 55க்குக் கீழே நிற்கும்போது ஃபானை முழுசாக நிறுத்திவிடும். குளிர் நாட்டில் அது நல்ல வசதி. இங்கே சும்மா நிற்கும்போதே விஜிஏ அந்த வாசற்படியில்தான் உட்கார்ந்திருக்கும். 55 வரும், ஃபான் விர்ரென்று கிளம்பும், அரை நிமிடத்தில் 49க்கு இறங்கும், ஃபான் நிற்கும், திரும்பவும் ஏறும். இரவு முழுக்க இதே கூத்து. நின்று நின்று கிளம்புகிற சத்தம்தான் காதைப் பிடித்து இழுக்கும். அந்த நிறுத்துகிற வசதியை எடுத்துவிட்டு எந்நேரமும் 30 சதவீதத்தில் ஓட விடுங்கள். ஓடுகிற ஃபான் நிற்கிற ஃபானை விட அமைதி என்று சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள், ஆனால் படுக்கிற அறையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

காதின் குணமே அப்படித்தான். உங்கள் அறையில் சீலிங் ஃபான் ஓடுமே, நாலில் வைத்தால் அது கொம்பியூட்டரை விடக் கூடச் சத்தம் போடும், அதைப் பற்றி அம்மா ஒரு நாளும் வாய் திறந்திருக்கமாட்டா. ஏன்? அது ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. மாரியில் தவளை கத்துகிறது, அதற்குள்ளேயே நித்திரை கொள்கிறோம். கொம்பியூட்டர் ஃபானோ ஒரு பைலைத் திறந்தால் ஏறுகிறது, மூடினால் இறங்குகிறது. புரொசஸரின் சூடு ஒரு கணத்தில் 15 பாகை தாவி அடுத்த கணமே இறங்கும், அதன் பின்னால் ஃபானும் ஓடத் தேவையே இல்லை, ஹீற்சிங்க் (கூலரின் உலோகத் தகட்டுக் கட்டு) இரும்புப் பெட்டி மாதிரி மெதுவாகத்தான் சூடேறும். பயோஸில் ஸ்ரெப் அப் ரைம் அல்லது அதைப் போல ஒரு பெயரில் தாமதம் வைக்க இடம் இருக்கும், ஏறுவதற்குச் சில செக்கனும் இறங்குவதற்கு இன்னும் கூடவும் வையுங்கள். போர்ட்டில் அந்த வசதி இல்லையென்றால் ஃபான் கொன்ரோல் என்ற பெயரிலேயே ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் இதெல்லாம் செய்யலாம். கேசிங் ஃபான்களைப் புரொசஸர் சூட்டோடு மட்டும் கட்டாமல் விஜிஏ சூட்டோடும் சேர்த்துக் கட்டவும் அதில் முடியும், உங்களைப் போல ரெண்டரும் கேமும் மாறி மாறிச் செய்கிறவருக்கு அது பெரிய உபகாரம்.

அதற்கு முதல், சத்தம் எதிலிருந்து வருகிறது என்று உண்மையில் பார்த்தீர்களா? கேள்வியில் அது இல்லை. பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஒரு கடதாசியைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்து ஒவ்வொரு ஃபானுக்கும் கிட்டக் கொண்டுபோங்கள், டொக்ரர் நெஞ்சில் வைத்துப் பார்க்கிற மாதிரி. புரொசஸர் ஃபான் என்று நினைத்திருப்பீர்கள், முன் ஃபானாக இருக்கும். மலிவான கேசிங்கோடு வருகிற ஃபான்கள் பெரும்பாலும் மூன்று பின் வயர். மதர்போர்ட்டில் அந்த இடம் நாலு பின்னுக்கான பிடபிள்யூஎம் முறையில் (நாலாவது பின்னால் வேகத்தைச் சொல்கிற முறை) இருந்தால் மூன்று பின் ஃபானுக்கு 12 வோல்ற் முழுசாகவே போகும், நீங்கள் கோட்டை எங்கே இழுத்தாலும் அது கேட்காது. பயோஸில் அந்த ஃபானை டிசி முறைக்கு, அதாவது வோல்ற்றேஜைக் குறைத்து வேகத்தைக் குறைக்கிற முறைக்கு, மாற்றினால் சரி. இன்னும் மோசம், சிலது பவர் சப்ளையின் பெரிய நாலு பின் வயரில் நேரே கொளுவியிருக்கும். அதற்கு மூளையே இல்லை, பிறந்ததில் இருந்து முழு வேகம்தான். அதைக் கழற்றி மதர்போர்ட்டில் கொளுவுங்கள்.

தகடு கழன்றபடி இருக்கும்போதே துப்புரவையும் முடித்துவிடுங்கள். போன வருடம் சுன்னாகப் பக்கம் இருந்து ஒரு பெட்டி வந்தது, தோட்டத்துக்குப் பக்கத்து வீடு. ஹீற்சிங்கைப் பார்த்தால் தகடே தெரியவில்லை. செம்மண் தூசி இரண்டு தகட்டுக்கும் நடுவில் சிக்கி, ஈரக் காற்றில் ஊறி, கம்பளி மாதிரி ஒரு விரிப்பாக இருந்தது, நகத்தால் கிளப்பினால் முழுசாக உரிந்து வந்தது. பவர் சப்ளைக்கும் கேசிங் சுவருக்கும் நடுவில் பல்லி முட்டை மூன்று. அந்தப் பெட்டிக்கு வீட்டுக்காரர் புது ஃபான் இரண்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார், பூட்டவே தேவைப்படவில்லை. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் இங்கே தூசி கதவு தட்டிவிட்டு வருவதில்லை, உள்ளேயே குடியிருக்கும். பெயின்ற் புருசால் தட்டி, புளோவரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபான் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் கண்மண் தெரியாமல் சுற்றினால் பெயறிங் போய்விடும், பிறகு அது கிறீச்சிடும். நான் ஆரம்பத்தில் ஒரு நல்ல ஃபானை இப்படித்தான் கொன்றேன். கூலரைக் கழற்றினால் தேர்மல் பேஸ்ற்றை (புரொசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்துகிற பசை) துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். பவர் சப்ளையை மட்டும் வெளியில் இருந்து ஊதுவதோடு விடுங்கள், திறக்க வேண்டாம், வயரைக் கழற்றின பிறகும் உள்ளே மின் நிற்கும்.

கண்ணாடி முன்பக்கம் இருக்கிறதே, உங்கள் பெட்டியில் அதுதான் என் முதல் சந்தேகம். பார்க்க வடிவு. ஆனால் இரண்டு ஃபானும் மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சிழுக்கிற மாதிரி, பக்கத்தில் இருக்கிற விரலகல இடுக்கால்தான் காற்று வர வேண்டும். சோதித்துப் பார்ப்பது சுகம்: ரெண்டரைப் போட்டு இருபது நிமிடம் விட்டு, சூட்டைக் குறித்துக்கொண்டு, முன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு இருபது நிமிடம் விடுங்கள். ஐந்து பாகைக்கு மேல் இறங்கினால் கண்ணாடி இனிக் கட்டிலுக்குக் கீழே. அந்த இடத்துக்கு நுளம்பு வலைத் துணியை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிப் போடலாம், எங்கள் வீட்டில் அதுதான் ஓடுகிறது, கிழமைக்கு ஒருக்கால் கழற்றி உதறுகிறேன். இன்னும் நெருக்கமான துணி போட்டால் தூசி குறையும், காற்றும் நின்றுவிடும். பன்னாடையால் கள்ளு வடிக்கலாம், சாக்கால் வடிக்க ஏலாது. பக்கத் தகட்டையும் கழற்றித் திறந்தபடி ஓட விட்டால் என்ன என்று சிலர் செய்வார்கள். சூடு இறங்கலாம், ஆனால் சத்தம் நேரே காதுக்கு வரும், தூசியும் பல்லியும் சேர்ந்து வரும்.

ஃபான் கூடினால் சத்தம் கூடும் என்று பயந்து ஒன்றைக் கழற்றி வைப்பவர்களும் இருக்கிறார்கள். கணக்கு மறுபக்கம். ஒரே மாதிரி ஃபான் இரண்டு ஓடினால் ஒன்றை விட 3 டெசிபல்தான் கூட. ஒரு ஃபான் முழு வேகத்தில் தள்ளுகிற காற்றை இரண்டு ஃபான் பாதி வேகத்தில் தள்ளும். பாதி வேகத்துக்கு 15 குறைவு, இரண்டு என்பதால் 3 கூட, கடைசியில் 12 டெசிபல் லாபம். ஒரு நிபந்தனை, முன்னுக்கு அடைப்பு இருக்கக் கூடாது. வேகம் பாதியானால் ஃபானின் தள்ளுகிற பலம் காலாகிவிடும், கண்ணாடிக்கும் நெருக்கமான துணிக்கும் பின்னால் அதால் ஒன்றும் செய்ய ஏலாது. உள்ளே தள்ளுகிற காற்று வெளியே இழுக்கிறதை விடக் கொஞ்சம் கூட இருக்கட்டும், அப்போது தூசி வலைத் துணியைத் தாண்டித்தான் வர வேண்டும், ஒவ்வொரு ஓட்டையாலும் இழுபட்டு வராது. உங்கள் இரண்டுக்கு ஒன்று அமைப்பு அதற்குச் சரி.

இவ்வளவும் செய்த பிறகும் இரவில் ஒரு வூ... வூ... என்று அலை மாதிரி வந்து போனால், அது ஒரே மாதிரி ஃபான் இரண்டு கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடுவதால் வருவது. ஒன்பது இதழ் ஃபான் 1200 சுற்றில் ஓடினால் ஒரு செக்கனுக்கு 180 தடவை இதழ் கடக்கும். பக்கத்து ஃபான் 1230இல் ஓடினால் 184 சொச்சம். இரண்டும் சேர்ந்தும் விலகியும் செக்கனுக்கு நாலைந்து தடவை ஏறி இறங்கும், நாதஸ்வரக்காரர் இருவர் சுருதி சேராமல் ஒரே சுரம் பிடித்த மாதிரி. ஒன்றை 1200இலும் மற்றதை 1050இலும் வைத்தால் அலை போய்விடும். இன்னும் சில ஃபான்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் முனகும், மேலேயும் கீழேயும் நல்ல பிள்ளை. மெல்ல மெல்ல ஏற்றிப் பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடித்து, கோடு அங்கே நிற்காமல் தாண்டிப் போகும்படி வையுங்கள். கேசிங் தகடு அதிர்ந்தால் பழைய சைக்கிள் ரியூப்பில் சின்ன வட்டம் வெட்டி ஃபானுக்கும் தகட்டுக்கும் நடுவில் கொடுத்து ஸ்கிரூவைப் பூட்டுங்கள், அடித்து முறுக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து வீட்டில் சைக்கிள் ரியூப் இல்லாமல் இருக்காதே.

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் அந்த ஒரே இடம் புரொசஸர் கூலர். நாலு செப்புக் குழாயும் 120 மில்லிமீற்றர் ஃபானும் உள்ள ஒரு சாதாரண ரவர் கூலர், 95 வாற் எல்லையோடு, உங்கள் அறையில் 900 சுற்றில் வேலையை முடிக்கும். வாங்க முதல் உயரத்தைக் கேசிங்கோடு அளந்து பாருங்கள், உங்கள் புரொசஸர் இருக்கிற 1700 சொக்கெற்றுக்கான பிடி பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தண்ணீர்க் கூலர் வேண்டாம். அதிலும் ஃபான் இருக்கிறது, அதற்கு மேல் பம்ப் ஒன்றும் எந்நேரமும் இரையும், அறைக் காற்று 32 என்றால் தண்ணீரும் அதற்குக் கீழே இறங்காது. கரண்ட் ஏறி இறங்குகிற ஊரில், பழுதானால் கொழும்புக்கு அனுப்பிவிட்டு ஒரு மாதம் காத்திருக்கிற ஊரில், சுற்றுகிற பொருள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி. வண்ண வெளிச்சம் போடுகிற மூன்று ஃபான் பெட்டியும் வேண்டாம். நான் ஒருக்கால் மயங்கி வாங்கினேன், வேகத்தைக் குறைக்கவே வழியில்லை, நிறத்தை மட்டும் மாற்றலாம். ஃபான் வாங்கினால் நாலு பின், 120 அல்லது 140, பெயறிங் ஃபுளூயிட் டைனமிக் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லீவ் பெயறிங் நம்முடைய வெக்கைக்கு எண்ணெய் காய்ந்து கெதியாகக் கரகரக்கத் தொடங்கும், படுக்கையாகப் பூட்டினால் இன்னும் கெதி.

யன்னல் பக்கம் வைக்க வேண்டாம். கோண்டாவிலில் உப்புக் காற்று குருநகர் அளவுக்கு இல்லை, ஆனால் பகலில் வெயில் விழுந்தால் கேசிங் தகடே சூடேறும், மாரியில் சாரல் அடிக்கும், தூசியைச் சொல்லவே தேவையில்லை. இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. மேசைக்குக் கீழே மூலையில் சுவரோடு ஒட்டி என்றால் பின்னால் விட்ட சூட்டையே முன்னால் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும், சுவரில் இருந்து ஒரு சாண் முன்னுக்கு இழுங்கள். மேசைக்கு மேலே என்றால் காதுக்குப் பக்கம். நிலத்தில் வெறுமனே வைக்காமல் ஒரு பலகைத் துண்டில், தங்கச்சியின் மேசைக்கு எதிர்ப் பக்கச் சுவரோரம், பின்பக்கம் கதவை நோக்கி இருக்கிற மாதிரி வைத்துவிட்டு, மொனிற்றர் வயர் எட்டாவிட்டால் அந்த வயரை மட்டும் மூன்று மீற்றரில் ஒன்று வாங்குங்கள்.